பேசாத பிள்ளையும் படியேறாத பாட்டியும்

கேள்வி: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு எலிமென்டரி பள்ளியில், இரண்டாம் வகுப்பில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். வகுப்பில் ஒரு ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் (பூர்வகுடி) சிறுமி. பள்ளி திறந்த மூன்று வாரத்தில் ஐந்து நாள் வரவில்லை. வந்தாலும் வாய் திறப்பதில்லை. வளர்ப்பது பாட்டி. அவர் பள்ளிக்குள் வருவதே இல்லை. ஆரஞ்சு சட்டை நாளுக்கு அவளை எல்லோர் முன்னாலும் பேச வைக்கலாமா என்று யோசிக்கிறோம். அவளுக்கு நான் எப்படி உதவுவது?

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து பேச வைக்காதீர்கள். அந்த நாளுக்குப் பின்னால் இருப்பதும் ஒரு பாட்டியின் கதைதான். 1973இல் ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுச் சிறுமி, பாட்டி வாங்கித் தந்த புதிய ஆரஞ்சு சட்டையைப் போட்டுக்கொண்டு, வில்லியம்ஸ் லேக் ஊருக்கு அருகே இருந்த வதிவிடப் பள்ளிக்குப் போனாள். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்துத் தங்கவைத்த பள்ளி அது. முதல் நாளே சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். திருப்பித் தரவே இல்லை. அந்தப் பள்ளிகளுக்குப் போன பிள்ளைகளை நினைவுகூரும் இந்த நாள் 2013இல் தொடங்கியது அந்தச் சட்டையிலிருந்துதான்.

இப்படி ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் வதிவிடப் பள்ளிகளில் இருந்தார்கள். தாய்மொழியில் பேசினால் அடி. போன உடனே தலைமுடியை வெட்டினார்கள். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில்தான். ஆகவே உங்கள் மாணவியின் பாட்டி அங்கே படித்தவராகவே இருக்கலாம். அதை அவரிடம் கேட்கக் கூடாது. தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். பேத்தியின் மேல் அக்கறை இல்லாமல் அவர் வராமல் இருக்கிறார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பிலும் ஒரு பாட்டி இருந்தார். மாலையில் வேலிக்கு வெளியே, கார் பக்கத்திலேயே நிற்பார். நான் மூன்று கடிதம் அனுப்பினேன், பதில் இல்லை. ஒரு நாள் பேரன் வரைந்த மீன் படத்தை எடுத்துக்கொண்டு நானே வெளியே போனேன். "செதிலை எவ்வளவு நுணுக்கமாகப் போட்டிருக்கிறான், பாருங்கள்" என்றேன். படத்தை வெகுநேரம் பார்த்தார். "வாலைத் தப்பாகப் போட்டிருக்கிறான்" என்றார். அதுதான் எங்கள் முதல் பேச்சு. பிறகு ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு நல்ல செய்தியோடு நான் போவேன். வகுப்பறைக்குள் அவர் வந்து உட்கார்ந்தது பிப்ரவரியில்.

வராத நாட்களைப் பற்றி "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் அது விசாரணை. "இந்த வாரம் வீட்டில் என்ன விசேஷம்?" என்று கேட்டுப் பாருங்கள். சாவு வீடாக இருக்கலாம், சடங்காக இருக்கலாம். இது சாமன் மீன் காலம் வேறு. குடும்பத்தோடு ஆற்றங்கரையில் மீன் அறுத்துப் புகைபோட்டுக் காயவைக்கும் பிள்ளை அங்கேயும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அதை வகுப்பில் கணக்காகவும் படமாகவும் மாற்ற முடியும். வண்டி வசதி இல்லாததுதான் காரணம் என்றால், அதற்குப் பள்ளிதான் வழி செய்ய வேண்டும்.

பேசாத விஷயத்தில் அவசரப்பட்டு, கற்றல் குறைபாடு உண்டா என்று சோதிக்கும் மதிப்பீட்டுப் பட்டியலில் பெயரைச் சேர்க்காதீர்கள். முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கனடாவின் பூர்வகுடிப் பிள்ளைகளிடம் நடுக்காது அழற்சி அதிகம். சரியாகக் கேட்காத பிள்ளை மௌனமாகத்தான் இருக்கும். காதில் குறை இல்லையென்றால், கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நாம் இரண்டு நொடியில் பொறுமை இழந்துவிடுகிறோம். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். பெரியவர்களை நேருக்கு நேர் பார்க்காததை மரியாதையாகக் கருதும் குடும்பங்கள் உண்டு. நம் வீடுகளிலும் அப்படித்தானே வளர்ந்தோம்?

பள்ளி வாரியத்தில் பூர்வகுடி மாணவர்களுக்கென உதவிப் பணியாளர் இருப்பார். இந்த வாரமே அவரைப் பாருங்கள். பூர்வகுடிக் கல்விக்கென மாகாணம் தனியாக ஒதுக்கும் பணம், மற்ற மாணவர்களுக்குக் கிடைக்கும் எல்லா உதவிகளுக்கும் மேலாகத் தரப்படுவது. "அவளுக்குத்தான் அந்தப் பணம் வருகிறதே" என்று சொல்லி வாசிப்பு உதவியை யாராவது நிறுத்தினால் விடாதீர்கள். பூர்வகுடி என்று குடும்பம் சொன்னால் போதும், அதற்கான அரசு அடையாள அட்டை காட்ட வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சி போன்ற தேவை வந்தால் 'ஜோர்டான் கொள்கை' வழியாகவும் கேட்கலாம். எந்த அரசு பணம் கொடுப்பது என்று இழுத்தடிக்காமல் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் பிள்ளைக்குத் தேவையான உதவி கிடைக்க வேண்டும் என்பதுதான் அது. அப்படிப்பட்ட சண்டைக்கு நடுவே, வீடு திரும்பாமலே 2005இல் மருத்துவமனையில் இறந்துபோன ஐந்து வயது ஜோர்டான் ரிவர் ஆண்டர்சனின் பெயரால் வந்தது அது.

ஆரஞ்சு சட்டை நாளான செப்டம்பர் 30 விடுமுறை என்பதால் பள்ளி நிகழ்ச்சி அதற்கு முன்பே நடக்கும். என்ன நாளில், எந்தக் கதையை வாசிக்கப் போகிறீர்கள் என்று பாட்டிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அன்று பேத்தியை வீட்டில் வைத்துக்கொள்வதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். பூர்வகுடிகளை வேஷமாக்கும் காகித இறகுத் தொப்பி செய்யும் கைவேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

நாளை மாலை ஃபோன் செய்யுங்கள். எடுக்கவில்லையென்றால் ஒரு செய்தி விடுங்கள்: "உங்கள் பேத்தி இன்று ஒரு நல்ல காரியம் செய்தாள், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." என்ன காரியம் என்பதை நாளைக்குள் நீங்கள் கவனித்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.