ட்வைலைட்டைத் திருப்பிப் போட்டால் என்ன கிடைக்கும்?

கேள்வி இது: “ட்வைலைட் நாவலை அதே ஆசிரியரே ஆண், பெண் மாற்றி ‘லைஃப் அண்ட் டெத்’ என்று எழுதியிருக்கிறாராமே, படிக்கலாமா? பெயரை மாற்றியதைத் தவிர அதில் வேறு என்ன இருக்கிறது?”

கடைசி வரியில் இருக்கும் இளக்காரம் எனக்குப் பழக்கமானது. அநேகமாக உங்கள் வீட்டில் யாரோ அதை வாங்கி வைத்திருக்கிறார்கள், நீங்கள் விலையைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். பதில் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், நானும் ஒரு கதையை இப்படி மாற்றி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் புத்தகம். பெல்லா என்ற பள்ளி மாணவிக்கும் எட்வர்ட் என்ற ரத்தக்காட்டேரிக்கும் காதல் வரும் கதையான ட்வைலைட் 2005 அக்டோபரில் வந்தது. பத்து வருடம் கழித்து, 2015 அக்டோபரில், ஸ்டெஃபனி மேயர் அதையே மாற்றி எழுதி, பழைய நாவலோடு சேர்த்து ஒரே அட்டைக்குள் வெளியிட்டார். ஒரு பக்கம் சிவப்பு ஆப்பிள், புத்தகத்தைப் புரட்டித் தலைகீழாகப் பிடித்தால் பச்சை ஆப்பிள். தாம்பரம் ரயிலில் நான் பச்சைப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது எதிரே இருந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “ஏம்மா, புத்தகத்தைத் தலைகீழா பிடிச்சிருக்கியே, கண்ணு வலிக்காதா?” என்றார். அவருக்குத் தெரிந்தது சிவப்பு ஆப்பிள்தான், அதுவும் தலைகீழாக. பக்கத்தைக் காட்டி விளக்கிய பிறகும் அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

ஏன் எழுதினார் என்பதை மேயரே முன்னுரையில் சொல்கிறார். பெல்லா எப்போதும் யாராவது காப்பாற்ற வேண்டிய அபலையாகவே இருக்கிறாள் என்று பத்து வருடமாக விமர்சனம். அவள் பெண் என்பதால் அப்படி இல்லை, ரத்தக்காட்டேரிகளுக்கு நடுவே மாட்டிய மனிதப் பிறவி யாராக இருந்தாலும் இதே கதிதான் என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்கப் பெல்லாவை பியூ என்ற பையனாக்கினார், எட்வர்டை ஈடித் ஆக்கினார். பெல்லாவின் நண்பன் ஜேக்கப் ஜூலி ஆனாள். பள்ளி வண்டி நிறுத்துமிடத்தில் சறுக்கி வரும் வேனை ஒரு மெலிந்த பெண் கையால் தடுக்கிறாள், நெடுநெடுவென்று வளர்ந்த பையன் கீழே கிடக்கிறான். அந்த இடம் எனக்குப் பிடித்தது, மறைப்பானேன். பையன் தூங்கும்போது ஈடித் அவன் அறைக்குள் வந்து உட்கார்ந்து பார்ப்பதும் அப்படியே இருக்கிறது. எட்வர்ட் செய்தபோது ‘காதல்’ என்று உருகிய எனக்கு ஈடித் செய்தபோதுதான், இதற்குப் போலீஸில் புகார் கொடுக்கலாமே என்று தோன்றியது. (எட்வர்ட் ரசிகைகள் சண்டைக்கு வர வேண்டாம். விடுதியில் விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்துப் படித்தவள் நான்.)

ஆனால் பாத்திரங்கள் மாறாத இடமும் ஒன்று இருக்கிறது. பியூவின் அப்பா அப்பாவாகவே, அம்மா அம்மாவாகவே இருக்கிறார்கள். காரணம், குழந்தை பிறந்தது 1987. அந்தக் காலத்தில் பிரிந்த தம்பதியில் அப்பாவிடம் குழந்தை போவது அபூர்வம் என்கிறார் மேயர். போர்ட் ஏஞ்சல்ஸ் ஊரில் பெல்லாவை நாலு ஆண்கள் மடக்கும் காட்சி நினைவிருக்கிறதா? அவர்கள் ஏன் மடக்கினார்கள் என்று ஆசிரியர் ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்கவில்லை. தனியாக ஒரு பெண், இருட்டு, அவ்வளவுதான். அதே தெருவில் பியூ நடந்தால் யார் மடக்குவார்கள்? அதனால் அவனைப் போலீஸ்காரன் என்று சிலர் தவறாக நினைக்கிறார்கள் என்று ஒரு காரணம் வருகிறது. பையனுக்கு ஆபத்து வர ஒரு காரணம் தேவைப்படுகிறது, பெண்ணுக்குத் தேவைப்படவில்லை. மேயரின் கட்சி அந்தத் தெருமுனையிலேயே எனக்குக் கவிழ்ந்துவிட்டது. அவர் இதைக் கவனித்தாரா என்று நான் வாதாட வரவில்லை. எனக்குப் பட்டதைச் சொன்னேன்.

முடிவும் வேறு. சொன்னால் கோபிப்பீர்கள், இருந்தாலும் வந்து பத்து வருடம் ஆன புத்தகம்: வேறொரு ரத்தக்காட்டேரி கடித்துப் பெல்லாவின் உடம்பில் ஏறிய விஷத்தை எட்வர்ட் உறிஞ்சி எடுத்து அவளை மனுஷியாகவே காப்பாற்றுகிறான், பியூ விஷயத்தில் அதற்குக் காலம் கடந்துவிடுகிறது. அவனும் அவர்களில் ஒருவனாகிவிடுகிறான்.

பழைய நாவல்களிலும் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’, 1813. பென்னட் வீட்டு ஐந்து பெண்களையும் ஐந்து பையன்களாக்குங்கள். சொத்து ஆண் வாரிசுக்குத்தான் என்ற ஏற்பாட்டால்தான் அந்த வீடு காலின்ஸ் என்ற உறவினருக்குப் போகிறது, அதனால்தான் அம்மா மாப்பிள்ளை தேடிப் பறக்கிறாள். மூத்த பையன் ஒருத்தன் இருந்தால் வீடு அவனுக்கே வந்துவிடும், முதல் அத்தியாயத்தோடு கதை முடிந்தது.

சரி, என் கதை. நான் இணையத்தில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். தளத்தின் பெயர் வேண்டாம். எங்கள் பக்கம் ஆன்டி ஹீரோ கதைக்குத்தான், அதாவது கொடுமைக்காரனே நாயகனாக வரும் கதைக்குத்தான் கூட்டம். கம்பெனி முதலாளி, திமிர் பிடித்தவன், வேலைக்கு வந்த பெண்ணை மிரட்டிக் கல்யாணம் செய்கிறான், அறைகிறான், நாற்பதாவது எபியில் (எபிசோடைத்தான் அப்படிச் சொல்வோம்) திருந்துகிறான். இப்படி ஒன்று எழுதி முடித்தேன். கமெண்டெல்லாம் ‘செம மாஸ் சிஸ்’, ‘அடுத்த யூடி (அப்டேட்) எப்போ?’ என்றே வந்தது. அப்புறம் அதே கதையை, அதே காட்சி வரிசையில், முதலாளியைப் பெண்ணாகவும் வேலைக்கு வந்தவனைப் பையனாகவும் மாற்றிப் போட்டேன். மூன்றாவது எபியில் அவள் அவனை அறைகிறாள். அன்று ராத்திரியே, “ராட்சசியா இவ?” “இவனுக்கு முதுகெலும்பே இல்லையா?” “இவ அம்மா இவளை வளர்த்த லட்சணம்” என்று வரிசையாக வந்து விழுந்தது. எழுதியவர்களில் பாதிப் பேர் முந்தைய கதைக்கு மாஸ் என்றவர்கள்.

நான் தைரியமாக நின்றேன் என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து அவள் அறைவதை எடுத்துவிட்டு, கையை ஓங்கி நிறுத்துகிறாள் என்று மாற்றினேன். ஐந்தாவது எபியில் அவளுக்குச் சிற்றப்பா கொடுமை செய்த சின்ன வயதுக் கதை ஒன்றை நுழைத்தேன். உடனே எல்லோரும் சமாதானமாகி, “பாவம்பா அவ” என்று உருகினார்கள். முதல் கதையின் ஹீரோ ஏன் அறைந்தான் என்று யாரும் கேட்கவில்லை, நானும் காரணம் எழுதியிருக்கவில்லை. பியூவுக்கு அந்தத் தெருவில் ஒரு காரணம் தேடியதற்காக மேயரைப் பார்த்துச் சிரித்தேனே, நான் செய்ததும் அதே வேலைதான்.

“கதையைக் கதையாகப் பார்” என்று யாராவது வருவார்கள். பார்க்கிறேன் ஐயா. எழுதும்போது கை தானாக எங்கே இழுத்துப் பிடிக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த இரண்டாவது கதை முடிந்த வாரமே யாரோ அதை பிடிஎஃப் ஆக்கி, என் பெயரை எடுத்துவிட்டு, குழுக் குழுவாக அனுப்பிவிட்டார்கள். என் நாத்தனாரே, “இது நல்லா இருக்கு, படிச்சுப் பாருங்க அண்ணி” என்று எனக்கு அனுப்பினாள்! ஒன்பது மாத உழைப்பு. கேட்டால், “இணையத்துல போட்டா அப்படித்தான்” என்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தால் எடுத்துக்கொண்டு போவதுதான் முறை என்கிற மாதிரி. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மனசு ஆறவில்லை.

படிக்கலாமா என்றால், படிக்கலாம். தனியாகப் படித்தால் சுமாரான புத்தகம்தான். பழையதையும் புதியதையும் ஒவ்வொரு அத்தியாயமாக மாற்றி மாற்றிப் படியுங்கள், எங்கே வரிகள் பொருந்தாமல் போகின்றன என்று பென்சிலில் குறித்துக்கொண்டே வாருங்கள். நான் குறித்த பிரதியையே தந்திருப்பேன். 2018இல் அதை வாங்கிக்கொண்டு போன சித்தி மகள் இப்போது கனடாவில் இருக்கிறாள், கேட்கும்போதெல்லாம் “அடுத்த தடவை வரும்போது கொண்டு வரேன் அக்கா” என்கிறாள். இரண்டு தடவை வந்துவிட்டுப் போயாயிற்று.