ஆடிட்டர் ஆபீஸ் வேலைக்கு எந்த லேசான லேப்டாப்?

கேள்வி: திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு வேலை பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறிப் பார்ட்டிகளின் இடத்துக்கே போய் டாலி என்ற கணக்கு மென்பொருளில் என்ட்ரி போட வேண்டும். இப்போதுள்ள 15.6 இன்ச் லேப்டாப் இரண்டேகால் கிலோ. தோள் வலியே வந்துவிட்டது. ஐடி வேலையில் இருக்கும் தம்பி, "கண்ணை மூடிக்கிட்டு மேக்புக் ஏர் வாங்குக்கா" என்கிறான். கடைக்காரர் ஸ்நாப்டிராகன் சிப் உள்ள மாடல் ஒன்றைக் காட்டி, பேட்டரி நாள் முழுக்க வரும் என்கிறார். ஒரு லட்சம் வரை போட முடியும். எதை வாங்கட்டும்?
- வாசகி, திருப்பூர்

பதில்: இரண்டுமே நல்ல மெஷின்கள்தான். உங்களுக்கு இரண்டும் வேண்டாம்.

13 இன்ச் மேக்புக் ஏர் சுமார் 1.24 கிலோ, ஃபேன் கிடையாது, சத்தமே வராது, பேட்டரியும் நன்றாக நிற்கும். தம்பி வேலைக்குப் பொருத்தம். ஆனால் டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. மேக்குக்குள் விண்டோஸை ஏற்றி ஓட்டலாமே என்பார்கள். 2020 முடிவில் ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறத் தொடங்கியது. அந்த மேக்குகளில் ஏறுவது ஏஆர்எம் விண்டோஸ், அதாவது இன்டெல், ஏஎம்டி அல்லாத வேறு வகை சிப்புக்கான விண்டோஸ். கடைக்காரர் காட்டிய ஸ்நாப்டிராகனில் இருப்பதும் அதுவே. சாதாரண விண்டோஸ் மென்பொருள் பலவும் அதில் ஒருமாதிரி ஓடிவிடும். செருகும் கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் அப்படி இல்லை. ஏஆர்எம்முக்கென்றே தனியாக எழுதியிருக்க வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் (எம்சிஏ) படிவத்தில் கையெழுத்துப் போட நீங்கள் செருகும் டிஎஸ்சி டோக்கனுக்கு, அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் பென்டிரைவ் போன்ற கருவிக்கு, அப்படி ஒரு டிரைவர் இல்லையென்றால், கடைசி நாள் ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். அதனால் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப் மட்டும் பாருங்கள்.

அடுத்தது, கடையில் யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்: நம்பர் பேட். நாள் முழுக்க வவுச்சர் அடிக்கிறவருக்கு அது இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. 13, 14 இன்ச் லேப்டாப்புகளில் பொதுவாக அது இருக்காது. இரண்டு வழி உண்டு. ஒன்று, 1.3 கிலோவை ஒட்டிய 14 இன்ச் லேப்டாப் வாங்கி, தனியாக ஒரு யுஎஸ்பி நம்பர் பேட் வைத்துக்கொள்வது. விலையும் எடையும் பெரிதல்ல. இன்னொன்று எல்ஜி கிராம் 16. பதினாறு இன்ச் திரை, நம்பர் பேட், சாதாரண யுஎஸ்பி துளை இரண்டு, எச்டிஎம்ஐ எல்லாம் இருந்தும் 1.2 கிலோதான், அந்தச் சின்ன மேக்புக்கைவிட ஒரு துளி குறைவு. உடம்பு மக்னீசியக் கலவை. அழுத்தினால் லேசாக வளையும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தள்ளுபடி சமயத்தில் உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைத்தால் என் ஓட்டு இதற்குத்தான். திங்க்பேட் எக்ஸ்1 கார்பனையும் யாராவது சொல்வார்கள்; கீபோர்டு அருமை, புதிது உங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது.

துளைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் உண்டு. அழகில் மயங்கி, டைப்-சி துளை இரண்டு மட்டுமே உள்ள மெல்லிய லேப்டாப் ஒன்றை வாங்கினேன். கூடவே, பெரிய யுஎஸ்பியைச் செருக ஒரு டாங்கிளும். டாங்கிளை ரயிலிலேயே விட்டுவிட்டு, அடுத்தவர் பென்டிரைவை நீட்டியபோது அசடு வழிந்து நின்றேன். உங்களுக்கு டோக்கன், பார்ட்டி தரும் பென்டிரைவ், நம்பர் பேட் என்று மூன்று வேலை. பழைய பெரிய யுஎஸ்பி துளை ஒன்றாவது மெஷினிலேயே இருக்கட்டும், இரண்டு இருந்தால் நிம்மதி.

எடை பார்க்கும்போது சார்ஜரையும் சேர்த்துப் பாருங்கள். டைப்-சியில் சார்ஜ் ஆகும் மாடலாக இருந்தால் கேன் (GaN) எனப்படும் சின்ன ரகத்தில் 65 வாட் சார்ஜர் ஒன்று போதும், போனுக்கும் அதுவே.

விளம்பரத்தில் வரும் 18 மணி நேரம், 20 மணி நேரம் எல்லாம் பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ ஓடவிட்டு அளந்தது. பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவான வாட்-ஹவர் எவ்வளவு என்று பாருங்கள். 50 வாட்-ஹவர் பேட்டரி, சராசரியாக 8 வாட் இழுக்கிற வேலை என்றால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். பார்ட்டி இடத்தில் பிளக் பாயிண்ட் இருக்குமே, அது போதும்.

ரேம் 16 ஜிபி. இந்த மெல்லிய ரகங்களில் பெரும்பாலும் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. "இப்ப எட்டு போதும் மேடம், அப்புறம் போட்டுக்கலாம்" என்றால் ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். திரை பளபளப்பில்லாத மேட் ரகமாக இருந்தால் நல்லது; 16:10 அளவாகவும் கிடைத்தால் எக்செலில் இன்னும் சில வரிகள் தெரியும்.

கடைக்குப் போகும்போது டோக்கனைக் கையில் கொண்டு போய்ச் செருகிப் பாருங்கள், டெமோ மெஷினில் பத்து வரி அடித்தும் பாருங்கள். அப்புறம், செப்டம்பரில் வாங்காதீர்கள். டாக்ஸ் ஆடிட் நெருக்கடியில் புது மெஷினுக்கு மாறுவது வேண்டாத தலைவலி. எப்போது வாங்கினாலும் பழையதை ஒரு மாதமாவது விற்காமல் வைத்திருங்கள்.