போட்ட ரோட்டை ஏன் தோண்டுகிறார்கள்? நகர்மன்றம் பற்றி வாசகர் கேள்விகள்

சிறிய நகரங்களின் மன்றக் கூட்டங்களில், பொறியாளர் உட்காரும் மூலை நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். தண்ணீர், சாக்கடை, ரோடு, மனைப்பிரிவு என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். குழாயும் மழையும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன, அதனால் அந்தப் பக்கமே அதிகம் பேசியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருவில் புது ரோடு போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குடிநீர்க் குழாய் பதிக்க வேண்டும் என்று நடுவே வெட்டிவிட்டார்கள். யாரும் திட்டமே போடுவதில்லையா?

திட்டம் போடுகிறார்கள். ஆளுக்கு ஒன்று போடுகிறார்கள், அதுதான் சிக்கல். ரோட்டுக்கு ஒரு கணக்கில் பணம் வரும், குழாய்க்கு வேறொரு கணக்கில். இரண்டுக்கும் தனித்தனி டெண்டர், தனித்தனிக் கெடு. நிதியாண்டு முடிவதற்குள் செலவு செய்யாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்ற பயம் வேறு. எந்தப் பணம் முதலில் கைக்கு வருகிறதோ அந்த வேலை முதலில் நடக்கிறது. மண்ணுக்குள் போக வேண்டியது முதலில், மேலே வர வேண்டியது கடைசியில் என்ற எளிய வரிசை அதில் அடிபட்டுப் போகிறது.

மன்றம் நினைத்தால் இதைச் சரிசெய்யலாம். குழாய், மின்கேபிள், தொலைத்தொடர்பு, சாக்கடை எல்லோரும் அடுத்த ஐந்து வருடத்தில் எந்தெந்தத் தெருவைத் தொடப்போகிறார்கள் என்று ஒரே பட்டியல் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் எந்த ரோட்டுக்கும் தார் கிடையாது. சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில், புதிதாகப் போட்ட ரோட்டை அவசர வேலை தவிர வேறெதற்கும் ஐந்து வருடம் வெட்டக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள்.

வெட்டுவதைவிட மோசம், மூடுகிற லட்சணம். பள்ளத்தில் ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் மண் போட வேண்டும், இயந்திரத்தால் இடித்து இறுக்க வேண்டும், அப்புறம்தான் அடுத்த அடுக்கு. நடப்பது என்ன? தோண்டிய மண் அத்தனையையும் ஒரே தடவையில் தள்ளி, மேலே வண்டிச் சக்கரத்தை நாலு முறை ஏற்றி இறக்கி, தாரைப் பூசிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு மழை விட்டதும் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். ரோடு முழுக்கக் காய்ந்த பிறகும் ஒரே ஒரு நீளக் கோடு மட்டும் ஈரமாக மின்னும். மண் அமுங்கித் தண்ணீர் தேங்கிய இடம் அது. போட்டோ எடுத்துத் தேதியோடு அனுப்புங்கள். காண்ட்ராக்டரின் வைப்புத்தொகையை விடுவிப்பதற்கு முன்னால் அந்தப் போட்டோ போய்ச் சேர வேண்டும், அதற்குப் பிறகு பயனில்லை.

கேள்வி: சிக்கனமாக இருங்கள் என்றார்கள், இருந்தோம். இப்போது தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றுகிறார்கள். இது என்ன நியாயம்?

கோபம் புரிகிறது. ஆனால் கணக்கு அப்படித்தான் வரும். குழாய், தொட்டி, சுத்திகரிப்பு நிலையம், அவற்றுக்காக வாங்கிய கடன், ஊழியர் சம்பளம் எதுவும் நீங்கள் பாதித் தண்ணீர் பிடித்ததால் பாதியாகிவிடாது. மின்சாரமும் ரசாயனமும்தான் கொஞ்சம் குறையும். விற்பனை குறைந்தால் மீதிச் செலவு அதே ஆட்கள் தலையில் விழும்.

அதற்காகக் கட்டண உயர்வை அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதலில் ஒன்று கேளுங்கள்: தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரில் எவ்வளவு பில்லாக மாறுகிறது? கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் 1993-இல் நூற்றுக்கு 72 பங்கு தண்ணீர் கணக்கில் வராமல் போனது. ஒழுகலும் திருட்டும் சேர்ந்த நிலை. மீட்டர் பொருத்தி, பெரிய மனிதர்கள் வீட்டையும் விடாமல் பில் போட்டு, ஒழுகலை அடைத்து, 2008 வாக்கில் அதை ஏறத்தாழ 6 பங்குக்குக் கொண்டுவந்தார்கள். பணக்கார நாட்டு நகரங்கள் பலவற்றுக்கே எட்டாத அளவு அது.

ஒழுகலைப் பிடிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். நள்ளிரவு இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை ஊர் தூங்கும். அந்த நேரத்தில் மெயின் குழாயில் ஓடுகிற தண்ணீரில் பெரும்பங்கு மண்ணுக்குத்தான் போகிறது. பழைய லைன்மேன்கள் ஒரு இரும்புக் கம்பியை வால்வின் தலையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைப்பார்கள். ஒழுகல் பக்கத்தில் இருந்தால் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் விடாமல் கேட்கும். நானும் கேட்டிருக்கிறேன். முதல் தடவை எனக்கு எதுவும் கேட்கவில்லை, கேட்டதாகத் தலையாட்டினேன். கட்டணத் தீர்மானம் வரும் கூட்டத்தில், போன மாத இரவு ஓட்டம் எவ்வளவு என்று ஒரே ஒரு உறுப்பினர் கேட்டாலும் போதும், பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

கேள்வி: இப்போது தண்ணீர் வாங்கும் இடத்தை விட்டுவிட்டு, மலிவான வேறு ஆதாரத்துக்கு மாறப் போவதாக மன்றத்தில் பேச்சு. ஆதரிக்கலாமா?

மலிவு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரம்தான் நினைவுக்கு வரும். பல பத்தாண்டுகள் டெட்ராய்ட்டிலிருந்து தண்ணீர் வாங்கிய ஊர். செலவு குறையும் என்று புதிய குழாய்த் திட்டத்தில் சேர 2013-இல் மன்றம் வாக்களித்தது. அந்தக் குழாய் வரும்வரை உள்ளூர் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பது என்று, மாநில அரசு நியமித்த நிர்வாகிகள் காலத்தில் முடிவானது. 2014 ஏப்ரலில் மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களின் உட்பக்கத்தில் வருடக்கணக்காகப் படிந்திருந்த காப்புப் படலம் கரைந்தது, ஈயம் குடிநீரில் இறங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின் தொழிற்சாலை, உதிரிபாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அதே ஆண்டு அக்டோபரில் அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் இன்னும் ஒரு வருடம் குடித்தார்கள். 2015 அக்டோபரில்தான் டெட்ராய்ட் தண்ணீர் திரும்பி வந்தது.

ஆகவே, புதிய தண்ணீர் சுத்தமா என்று கேட்பது பாதிக் கேள்விதான். அது நம்முடைய பழைய குழாயோடு ஒத்துப்போகுமா என்பது மீதிப் பாதி. ஊரில் தோண்டி எடுத்த பழைய குழாய்த் துண்டுகளில் புதிய தண்ணீரைச் சில மாதம் ஓடவிட்டுச் சோதித்தார்களா என்று கேளுங்கள். சோதிக்கவில்லை என்றால் தீர்மானத்தைத் தள்ளிவையுங்கள்.

கேள்வி: ஒரு நிறுவனம் மொத்தமாகப் பெரிய தொகை தருகிறது, பார்க்கிங் கட்டண வசூலை நீண்ட காலக் குத்தகைக்குக் கேட்கிறது. நல்லதுதானே?

சிகாகோ 2008-இல் இதைத்தான் செய்தது. பார்க்கிங் மீட்டர்களை 75 வருடத்துக்கு, சுமார் 115 கோடி டாலருக்கு. திட்டம் வெளியே வந்து சில நாட்களுக்குள் மன்றம் கையைத் தூக்கிவிட்டது. நகரத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அடுத்த ஆண்டு கணக்குப் பார்த்து, சுமார் 97 கோடி டாலர் குறைவாக விற்றுவிட்டீர்கள் என்றார். வந்த பணத்தில் பெரும்பகுதி சில வருடத்திலேயே பட்ஜெட் ஓட்டையை அடைக்கக் கரைந்தது. விழாவுக்காகத் தெருவை மூடினால்கூட நிறுவனத்துக்கு நகரம் நஷ்டஈடு கட்ட வேண்டிய ஒப்பந்தம் அது. எழுபத்தைந்து வருடம் என்றால், கை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் காலம். என் கருத்து கொஞ்சம் கடுமையாகவே இருக்கும்: படித்துப் பார்க்க அவகாசம் தராத ஒப்பந்தம் எதுவானாலும், அந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று சொல்லலாம்.

கேள்வி: ஊர் எல்லையில் விளைநிலத்தைக் குடியிருப்பாக வகை மாற்றம் செய்யக் கேட்கிறார்கள். ரோடு, விளக்கு, பூங்கா எல்லாம் அவர்களே போட்டுத் தருவார்களாம். மன்றத்துக்கு ஒரு செலவும் இல்லை என்கிறார்கள். உண்மையா?

போடுகிற அன்றைக்குச் செலவு இல்லை, அது உண்மை. போட்டு முடித்ததும் உங்களிடம் ஒப்படைப்பார்கள், கவனிக்க வேண்டியது அங்கேதான். அன்றிலிருந்து அந்த ரோடு, அந்த விளக்கு, அந்தச் சாக்கடைப் பம்பு எல்லாம் ஊருடையது. வரி முதல் வருடமே வரத் தொடங்கும், மன்றம் மகிழ்ச்சியாக இருக்கும். பெரிய செலவு பதினைந்து, இருபது வருடம் கழித்து வரும், அதுவும் மொத்தமாக வரும். ஒரே சமயத்தில் போட்ட ரோடுகள் ஒரே சமயத்தில்தான் கெட்டுப்போகும். அதனால் முப்பது வருட வரவு செலவை ஒரு தாளில் எழுதித் தரும்படி பொறியாளரிடம் கேளுங்கள். வீடுகள் நெருக்கமாக இருந்தால் ஒரு வீட்டின் பங்குக்கு வரும் குழாயின் நீளம் குறைவு, கணக்குத் தேறும். பெரிய மனைகளாகப் பரப்பி, ஊரிலிருந்து தள்ளியும் இருந்தால் பெரும்பாலும் தேறாது.

நிபந்தனை போடுவதிலும் ஒரு அளவு வேண்டும். அமெரிக்காவில் டைகார்ட் என்ற சிறிய நகரத்தில், குழாய் மற்றும் மின்பொருள் கடையைப் பெரிதாக்க அனுமதி கேட்ட உரிமையாளரிடம், வெள்ளச் சமவெளிப் பகுதியையும் ஒரு சைக்கிள் பாதைக்கான இடத்தையும் ஊருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. கேட்கிற நிலம், கட்டடத்தால் வரும் பாதிப்புக்கு ஓரளவாவது ஈடாக இருக்க வேண்டும், அதை நிரூபிப்பது நகரத்தின் பொறுப்பு என்று 1994-இல் தீர்ப்பு வந்தது. அது அந்த நாட்டுச் சட்டம்தான், ஆனால் அளவுகோல் எங்கும் உதவும். புதிய வீடுகளால் எத்தனை வண்டி கூடும், எத்தனை லிட்டர் சாக்கடை கூடும் என்று எண்ணிச் சொல்லிவிட்டுக் கேட்டால் யாரும் எளிதில் மறுக்க முடியாது. ‘ஊருக்கு ஏதாவது செய்யுங்கள்’ என்று கேட்டால் அது நன்கொடை வசூல்.

பூங்கா விஷயத்தில் வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். நான் பார்த்த ஒரு மனைப்பிரிவில் பூங்கா என்று பச்சை அடித்திருந்த இடத்துக்கு நேரில் போனேன். கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர், நடுவே கோரைப் புல். அந்த மொத்த நிலத்திலேயே தாழ்வான மூலை அதுதான், மனையாக விற்றிருக்கவே முடியாது. விற்க முடியாததைப் பூங்கா ஆக்கியிருந்தார்கள். அதே இடத்தில் சாக்கடைப் பம்பு அறையும் கட்டி, வண்ணமும் அடித்திருந்தார்கள், மின் இணைப்பு மட்டும் வாங்கவில்லை. மனைப்பிரிவு போட்டவர்கள் கொடுத்திருந்த வங்கி உத்தரவாதத் தொகையில் ஒரு பங்கை நிறுத்திவைத்திருந்ததால் அந்த இணைப்பு மூன்றே வாரத்தில் வந்தது. உத்தரவாதத்தை ஒரேயடியாக விடுவிக்காதீர்கள். இரண்டு மழைக்காலம் தாண்டட்டும்.

கேள்வி: தனியார் திட்டத்துக்காக மக்கள் வீடுகளை மன்றம் கையகப்படுத்தலாமா?

முடியுமா என்பது உங்கள் நாட்டுச் சட்டம். பலன் தருமா என்பதற்கு நியூ லண்டன் என்ற அமெரிக்க நகரத்தைப் பாருங்கள். வளர்ச்சித் திட்டத்துக்காக வீடுகளை எடுக்கலாம் என்று 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நகரம் வழக்கில் ஜெயித்தது, ஐந்து நீதிபதிகள் ஆதரவு, நாலு பேர் எதிர்ப்பு. வீடுகள் போயின, திட்டம் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஃபைசர் நிறுவனமும் வெளியேறுவதாக 2009-இல் அறிவித்தது. இடித்த மனை வருடக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தது.

கேள்வி: நூறு வருடத்தில் ஒருமுறை வரும் மழைக்கு வடிகால் கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். நாலு வருடத்தில் இரண்டு முறை தெரு மூழ்கிவிட்டது!

அந்தப் பெயரே வம்பு. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் பொருள். போன வருடம் வந்ததால் இந்த வருடம் வராது என்று மழைக்குத் தெரியாது. முப்பது வருடக் கடனில் வீடு வாங்கினால், கடன் முடிவதற்குள் அப்படி ஒரு மழையைப் பார்க்க நூற்றுக்கு 26 வாய்ப்பு. இன்னொன்று, வடிகால் கட்டியபோது மேட்டில் வெறும் மண் இருந்திருக்கும், இப்போது சிமெண்ட் இருக்கும். அதே மழை, ஓடி வரும் தண்ணீர்தான் கூடுதல். 2011 ஜூலையில் ஒரு பேய்மழையில் மூழ்கிய கோபன்ஹேகன், குழாயை மட்டும் பெரிதாக்கிக்கொண்டிருக்காமல், பூங்காக்களையும் சில தெருக்களையும் தாழ்த்தி அங்கே தண்ணீரைத் தேக்கும்படி ஊரையே மாற்றி அமைத்துவருகிறது.

கேள்வி: புது எல்.இ.டி. தெருவிளக்கு கண்ணைக் கூசுகிறது. பழகிவிடும் என்கிறார்கள்.

பழக வேண்டியதில்லை. 3000 கெல்வினோ (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) அதற்குக் கீழோ இருக்கும் மஞ்சள் கலந்த வெளிச்சமே நல்லது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரத்தில் மக்கள் சண்டை போட்டு, மாட்டிய விளக்குகளையே மாற்ற வைத்தார்கள். டெண்டரில் கெல்வின் எண்ணும், வெளிச்சம் பக்கவாட்டில் சிதறாத மூடியும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மன்றத்தில் பேச எனக்கு மூன்று நிமிடம் தருவார்கள். எதைப் பேசுவது?

ஒன்றே ஒன்றைப் பேசுங்கள். அதற்கு முன் நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள், குறிப்பாக ‘விவாதமின்றி ஒட்டுமொத்தமாக’ நிறைவேற்றப்படும் பட்டியலையும் பின்னிணைப்பையும். பெரிய தொகைகள் சில சமயம் அங்கேதான் அமைதியாக உட்கார்ந்திருக்கும். ‘ஊழல்’ என்று ஆரம்பித்தால் எல்லோரும் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியாக ஒன்று கேளுங்கள்.

ஒருமுறை புதிய கழிவுநீர்ப் பம்பு நிலையத்துக்கு ஒப்புதல் கேட்டு நான் கோப்போடு நின்றிருந்தேன். வரைபடம், மதிப்பீடு, இடம் எல்லாம் பக்காவாக இருந்தது. கடைசி வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எழுந்து, “ஐயா, ராத்திரி இந்தப் பம்பை யார் ஆன் பண்ணுவாங்க?” என்று கேட்டார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன். அதில் ஆள் இல்லை. தீர்மானம் அன்றைக்கு ஒத்திவைக்கப்பட்டது, அடுத்த மாதம் பம்பை இயக்க இரண்டு ஆட்களின் சம்பளத்தோடு திரும்பி வந்தது.