பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்தால் விற்பனை முடிந்ததா?

கேள்வி: சுன்னாகத்தில் இருக்கிறேன். பனையோலை இழைக்கும் பெண்களை வைத்து 12 நிமிட வீடியோ ஒன்று செய்து, நல்லூரில் ஒரு மண்டபத்தில் காட்டினேன். ரொறன்ரோவில் இருந்து வந்திருந்த குடும்பம் ஒன்று அதை விலைக்குக் கேட்கிறது. பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்தால் போதுமா? விற்ற பிறகு நான் வேறு இடத்தில் காட்டலாமா? என்ன விலை சொல்வது?

பதில்: போதாது. வீடியோ கலையில் காசு கொடுத்து வாங்கப்படுவது எண்ணிட்ட ஒரு பிரதியும் அதற்கு நீங்கள் ஒப்பமிட்டுத் தரும் பத்திரமும். ஓவியத்தைச் சுவரில் இருந்து கழற்றிக் கொடுத்துவிடலாம். கோப்பை யாரும் எத்தனை தடவையும் கொப்பி எடுக்கலாம். அதனால் அச்சுப்படக் கலைஞர்கள் சில பிரதிகளை மட்டும் எண்ணிட்டு விற்கும் பழைய வழக்கத்தையே இங்கும் பின்பற்றுகிறார்கள். பொதுவாக மூன்று முதல் ஆறு பிரதிகள், அதற்கு மேல் கலைஞருக்கென்று ஒன்றோ இரண்டோ. உங்களுக்கு ஐந்தும் ஒன்றும் சரியாக இருக்கும். எண்ணை ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு கூட்டவே கூடாது. முதலில் வாங்கியவருக்கு அது துரோகம்.

பத்திரத்தில் தலைப்பு, ஆண்டு, நீளம், ஒலி உண்டா, இது எத்தனையில் எத்தனையாவது பிரதி என்பவை இருக்க வேண்டும். வீட்டில் பார்க்கலாம், பொது இடத்தில் காட்டுவதென்றால் உங்களைக் கேட்க வேண்டும், கைமாற்றினால் பத்திரத்தோடுதான் கைமாற்ற வேண்டும் என்றும் எழுதுங்கள். பதிப்புரிமை உங்களுடையது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வீடியோ போன்ற படைப்புக்கு, அது செய்யப்பட்ட, முதலில் பொதுவில் காட்டப்பட்ட அல்லது வெளியிடப்பட்ட நாள்களில் எது கடைசியோ அதிலிருந்து 70 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. பிரதியை விற்பதால் அது போய்விடாது. ஆகவே உங்கள் சொந்தப் பிரதியை விழாக்களில் தாராளமாகக் காட்டலாம். அந்த உரிமையையும் பத்திரத்தில் ஒரு வரியில் சேருங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது, காட்டும் முறை. வீடியோ கலையின் முன்னோடியான நாம் ஜூன் பைக் (Nam June Paik) என்பவர் 1988 இல் தென்கொரியாவில் 1003 பழைய குழாய்த் தொலைக்காட்சிகளை அடுக்கி ஒரு கோபுரம் செய்தார். பெட்டிகள் பழுதாகி 2018 இல் அதை நிறுத்திவிட்டார்கள். அதே பெட்டிகளையே தேடிப் பொருத்துவதா, தட்டைத் திரைகளை வைப்பதா என்று நீண்ட விவாதம். கடைசியில் திருத்த முடிந்தவற்றைத் திருத்தி, முடியாத இடங்களில் புதிய திரைகளைப் பொருத்தி 2022 இல் மறுபடி இயக்கினார்கள். பைக் 2006 இலேயே காலமாகிவிட்டார். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதிவையுங்கள்: திரை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், புறொஜெக்டரில் காட்டலாமா, ஹெட்போனா ஸ்பீக்கரா, முடிந்தவுடன் மறுபடி ஓடுமா, பழைய கோப்பு வடிவம் வழக்கொழிந்தால் புதியதற்கு மாற்றலாமா.

உங்கள் விடயத்தில் இன்னொன்றும் உண்டு. இங்கே எடுப்பது பெரும்பாலும் நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்). கனடாவில் ரீவி பொதுவாக 60 ஹேட்ஸில், அதாவது நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பித்து, ஓடும். 60 ஐ 25 ஆல் மீதியின்றிப் பிரிக்க முடியாது. அதனால் கையின் அசைவு சற்றே துள்ளும். ஓலை இழைக்கும் விரல்களுக்கு அது பெரிய கேடு. 50 ஹேட்ஸுக்கு மாறக்கூடிய திரை அல்லது பிளேயர் வாங்கச் சொல்லுங்கள். ரீவியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பையும் அணைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு கோப்புகள் கொடுங்கள். ஒன்று மூலக்கோப்பு, புறோரெஸ் 422 எச்கியூ (ProRes 422 HQ) போலத் தரம் குறையாத வடிவத்தில். முழு எச்டியில் 12 நிமிடத்துக்குச் சுமார் 16 ஜிபி வரும். மற்றது ஓட்டிக் காட்ட எம்பி4. கொடுக்கும் வன்தட்டை எக்ஸ்ஃபாட் (exFAT) முறையில் ஃபோர்மட் செய்யுங்கள், பழைய ஃபாட்32 (FAT32) முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பவே வேண்டாம், தரத்தைப் பிழிந்துவிடும். உங்களிடம் மூன்று கொப்பிகள் இருக்கட்டும், ஒன்றாவது யாழ்ப்பாணத்துக்கு வெளியே. 1981 இல் நூலகம் எரிந்தபோது 97,000 நூல்களோடு, வேறெங்கும் கொப்பி இல்லாத ஏடுகளும் போயின. இந்த ஊரில் ஒரே கொப்பியை ஒரே அலுமாரியில் வைக்க யாருக்கும் மனம் வரக்கூடாது.

என்எஃப்டி (NFT), அதாவது டிஜிட்டல் படைப்புக்கு இணையப் பதிவேட்டில் பதியும் உடைமைச் சான்று, பற்றி யாராவது சொல்வார்கள். 2021 இல் பீப்பிள் (Beeple) என்ற டிஜிட்டல் கலைஞரின் படம் அப்படிக் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.9 கோடி டொலருக்குப் போனது உண்மை. வீட்டுச் சுவரில் பார்க்கக் கேட்கும் இந்தக் குடும்பத்துக்கு அது தேவையில்லை.

விலைக்குச் சூத்திரம் கிடையாது. செய்த செலவு, உழைத்த மாதங்கள், உங்கள் மற்ற வேலைகள் போன விலை எல்லாவற்றையும் பார்த்து, ஐந்து பிரதியும் போனால் நியாயமென்று தோன்றும் தொகையை ஐந்தால் பிரியுங்கள். முதற்பிரதியை அதைவிடச் சற்றுக் குறைத்து, பிறகு படிப்படியாக ஏற்றலாம். பின்னர் கலைக்கூடம் ஒன்று விற்றுத் தந்தால் விலையில் பாதிவரை கொமிஷன் கேட்கும், அதையும் இப்போதே கணக்கில் எடுங்கள்.

ஒப்பமிடுவதற்கு முன், வீடியோவில் வரும் பெண்களிடம் போய், இது விலைக்குப் போகிறது, கனடாவில் ஒரு வீட்டில் ஓடப்போகிறது என்று சொல்லுங்கள். மண்டபத்தில் காட்டச் சம்மதித்தது விற்கச் சம்மதித்தது ஆகாது. வரும் காசில் அவர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். யாராவது வேண்டாம் என்றால், அவர் வரும் பகுதியை எடுத்த பிறகுதான் முதற்பிரதிக்கு எண்ணிட வேண்டும்.