மிடில்வேர் அடுக்கு: எது வெளியே, எது உள்ளே?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பனியன் ஜாப் ஒர்க் கணக்குக்கு கோ மொழியில் ஒரு செயலி எழுதியிருக்கோமுங்க. பேனிக்கை (ஓடும்போது வேலையை முறிக்கும் பிழையை) பிடிக்க ஒன்று, லாக் எழுத ஒன்று, லாகின் சோதனை, பாடி அளவு வரம்பு என்று நான்கு மிடில்வேர் (ரெக்வெஸ்ட் போகும் வழியில் நிற்கும் இடை அடுக்கு), இதே வரிசையில். ஹேண்ட்லரில் (பதிலைத் தயாரிக்கும் ஃபங்ஷனில்) பேனிக் வந்தால் மட்டும் அந்த ரெக்வெஸ்டுக்கு லாகில் வரியே விழுவதில்லை. ஏனுங்க?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வரிசைதான் காரணம். நிட்டிங், சாயம், கட்டிங், தையல் என்று துணி ஒரே திசையில் நகரும். மிடில்வேரில் அப்படி இல்லை. ரெக்வெஸ்ட் எல்லா அடுக்கையும் தாண்டி ஹேண்ட்லரைத் தொட்டபின், அதே அடுக்குகள் வழியே தலைகீழாகத் திரும்புகிறது. முதலில் தொடங்கிய அடுக்கு கடைசியில்தான் முடியும்.

உங்கள் லாக் அடுக்கு, உள் ஹேண்ட்லரை அழைத்துவிட்டு, அது திரும்பியதும் அடுத்த வரியில் எழுதுகிறது. பேனிக் வந்தால் அந்த அழைப்பு திரும்புவதே இல்லை. லாக் வரியைத் தாண்டி, வெளியே இருக்கும் பிடிப்பு அடுக்குக்கு நேராகப் போய்விடுகிறது. லாகை வெளியே வையுங்கள், பிடிப்பை அதற்கு அடுத்து உள்ளே வையுங்கள். பிடிப்பு அடுக்கு பேனிக்கை 500 (சர்வர் பிழை) ஆக்கி முறையாகத் திரும்பும். லாகும் 500 என்றே எழுதும். லாக் அடுக்கிலேயே பேனிக் வந்தால் சர்வர் விழுந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கோவின் எச்டிடிபி சர்வரே அதைப் பிடித்து, ஸ்டாக் ட்ரேஸை எழுதி, அந்த இணைப்பை மட்டும் மூடும். ஆனால் ஹேண்ட்லருக்குள் நீங்கள் தனியாகக் கிளப்பிய கோரூட்டீனில் (இணையாக ஓடும் வேலையில்) பேனிக் வந்தால் எந்த மிடில்வேரும் பிடிக்காது, மொத்த புரோகிராமும் நின்றுவிடும். பேனிக்கைப் பிடிக்கும் ரெகவர் அந்த கோரூட்டீனுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஹேண்ட்லர் ஏற்கனவே 200 (எல்லாம் சரி) அனுப்பத் தொடங்கியபின் பேனிக் வந்தால், பிடிப்பு அடுக்கால் அதை 500 ஆக்க முடியாது. முதலில் போன ஸ்டேட்டஸே நிற்கும். ஸ்டேட்டஸை அனுப்பும் ரைட்ஹெடரின் இரண்டாவது அழைப்பை ‘சூப்பர்ஃப்ளூவஸ்’ (தேவையற்றது) என்று சர்வர் லாகில் எழுதிவிட்டு விட்டுவிடும். அதனால் பில் போன்ற பதிலை முழுதாகத் தயாரித்து முடித்தபின் அனுப்புவது நல்லது.

ஸ்டேட்டஸை லாகில் எழுத ரெஸ்பான்ஸ்ரைட்டரை (பதிலை எழுதும் பொருளை) உறையிட்டிருப்பீர்கள். அந்த உறையில் தொடக்க மதிப்பு 200 ஆக இருக்கட்டும். ஹேண்ட்லர் ரைட்ஹெடரை அழைக்காமல் நேராக எழுதினால் கோ தானாகவே 200 அனுப்பும். உங்கள் உறையில் 0 இருந்தால் லாகில் 0 என்றே விழும். உறையிட்டதும் ஃப்ளஷ் வசதி (எழுதியவரை உடனே அனுப்புவது) மறைந்துபோகும். உள்ளிருக்கும் அசல் ரைட்டரைத் திருப்பித்தரும் அன்ராப் என்ற மெத்தடை உறைக்குக் கொடுத்து, கோ 1.20இல் வந்த ரெஸ்பான்ஸ்கண்ட்ரோலர் வழியாக ஃப்ளஷ் செய்தால் சரியாகும்.

அடுக்குகளை ஸ்லைஸில் (பட்டியலில்) வைத்து லூப் ஓட்டிக் கோப்பதாக இருந்தால் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டுங்கள். முன்னிருந்து ஓட்டினால், ஸ்லைஸில் கடைசியாக எழுதியது வெளி அடுக்காகிவிடும்.

கேள்வி: மஞ்சள் விலைப் பக்கத்துக்கு முன்பக்கம் ஒரு டொமைன், ஏபிஐ வேறொரு டொமைன். சர்வர் கோ மொழியில்தானுங்க. போஸ்ட்மேனில் (ஏபிஐ சோதிக்கும் கருவியில்) டோக்கன் போட்டால் விலை வருகிறது; பிரவுசரில் ‘கார்ஸ்’ (வேறு டொமைனைக் கூப்பிடும் அனுமதி) பிழை. கார்ஸ் மிடில்வேரும் வைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கார்ஸ் மிடில்வேர் லாகின் சோதனைக்கு உள்ளே இருக்கிறது என்று தெரிகிறது. ஆத்தரைசேஷன் ஹெடரோடு வேறு டொமைனுக்குப் போகும் ரெக்வெஸ்டுக்கு முன்னால் பிரவுசர் ஒரு ஆப்ஷன்ஸ் ரெக்வெஸ்ட் அனுப்பி அனுமதி கேட்கும். அதில் டோக்கன் இருக்காது. உங்கள் லாகின் சோதனை அதை 401 (லாகின் இல்லை) என்று திருப்பிவிடுவதால் உண்மையான ரெக்வெஸ்ட் கிளம்புவதே இல்லை. போஸ்ட்மேன் இந்த முன்கேள்வியைக் கேட்பதில்லை, அதனால் அதில் வேலை செய்கிறது.

கார்ஸை லாகின் சோதனைக்கு வெளியே கொண்டுவாருங்கள். இந்த முன்கேள்விக்கு அந்த அடுக்கே 204 (சரி, உள்ளடக்கம் இல்லை) கொடுத்து முடித்துவிட வேண்டும், உள்ளே அனுப்பத் தேவையில்லை. அனுமதிக்கும் ஹெடர் பட்டியலில் ஆத்தரைசேஷன், கன்டென்ட்-டைப் இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள். வெளியே இருப்பதில் இன்னொரு லாபம்: டோக்கன் காலாவதியாகி நிஜமாகவே 401 போகும்போதும் அந்தப் பதிலில் கார்ஸ் ஹெடர் இருக்கும். இல்லையென்றால் முன்பக்கத்துக்கு 401 தெரியாது. கார்ஸ் பிழை என்றே காட்டும், நீங்கள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கோ 1.22 முதல் ரூட்டை ‘போஸ்ட்’ என்று மெத்தடோடு பதிய முடிகிறது. அப்படிப் பதிந்த ஒரு ரூட்டை மட்டும் கார்ஸால் உறையிட்டால், ஆப்ஷன்ஸ் அதை எட்டாது. மக்ஸே (ரூட்டைப் பார்த்துப் பிரிக்கும் பகுதியே) 405 (இந்த மெத்தடுக்கு அனுமதி இல்லை) சொல்லிவிடும். மக்ஸ் முழுவதையும் வெளியிலிருந்து உறையிடுங்கள்.

கேள்வி: நோட் ஜேஎஸ்ஸில் எழுதும் எக்ஸ்பிரஸ் 4இல் சில ரெக்வெஸ்ட் முடிவே இல்லாமல் சுற்றுகிறது, சிலது ஹெடர் ஏற்கனவே அனுப்பியாயிற்று என்று பிழை தருகிறது.
– ஒரு வாசகர், கரூர்

பதில்: ஒவ்வொரு மிடில்வேரும் பதில் அனுப்ப வேண்டும், அல்லது அடுத்த அடுக்குக்கு அனுப்பும் நெக்ஸ்டை அழைக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் சுற்றும், இரண்டும் செய்தால் ஹெடர் பிழை. பெரும்பாலும் 401 அனுப்பிய வரியில் ரிட்டர்ன் விட்டுப்போயிருக்கும். அசிங்க் ஹேண்ட்லரில் எழும் பிழையை எக்ஸ்பிரஸ் 4 தானாகப் பிடிக்காது. நீங்களே பிடித்து நெக்ஸ்டுக்குக் கொடுங்கள். எக்ஸ்பிரஸ் 5 அதைத் தானே செய்கிறது, முடிந்தால் மாறிவிடுங்கள். பிழை மிடில்வேருக்கு நான்கு அளவுருக்கள் கட்டாயம், பயன்படாவிட்டாலும் எழுதுங்கள். அது எல்லாவற்றுக்கும் கடைசியில் வர வேண்டும்.

கேள்வி: தேங்காய் லோடு பதியும் தளத்தில் நிமிடத்துக்கு 60 ரெக்வெஸ்ட் என்று வரம்பு வைத்தோமுங்க. எக்ஸ்பிரஸ்தான், முன்னால் ரெக்வெஸ்டை வாங்கி அனுப்பும் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ். ஒருவர் தாண்டினால் எல்லோரும் தடைபடுகிறார்கள்.
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: இரண்டும் ஒரே மெஷினில் என்றால், செயலிக்கு எல்லோருமே 127.0.0.1ஆகத் தெரிவார்கள். என்ஜின்எக்ஸில், வந்தவரின் அசல் முகவரியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை அனுப்பச் சொல்லி, எக்ஸ்பிரஸில் ‘ட்ரஸ்ட் ப்ராக்ஸி’யை 1 (ஒரு ப்ராக்ஸியை மட்டும் நம்பு) என்று வையுங்கள். ‘ட்ரூ’ என்று வைக்காதீர்கள். அப்போது அந்த ஹெடரின் இடது ஓர முகவரியை எக்ஸ்பிரஸ் நம்பும், அதை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்பி வரம்பிலிருந்து தப்பலாம். என்ஜின்எக்ஸ் சேர்ப்பது வலது ஓரத்தில்.