உச்சி எப்போது?

அன்புள்ள ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஏப்ரல் 16 மதுரையில் நிழலில்லா நாள், உச்சியில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருவதால் நிழலே விழாது என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். சரியாக 12 மணிக்கு மொட்டை மாடியில் ஓர் அடி ஸ்கேலை நிறுத்திப் பார்த்தோம். நிழல் இருந்தது. சாய்த்துப் பிடித்துவிட்டாய் என்று திட்டினேன், அழுதுவிட்டாள். அவளுக்கு வானியலில் எந்தப் புத்தகம் வாங்கித் தரலாம்? நம் முன்னோர் ஒரு துரும்பை வைத்தே நிமிடம் பிசகாமல் நேரம் சொன்னார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? ராகு காலத்தையும் நிழலை வைத்துத்தான் கணித்தார்களா?

க.ம., மதுரை

அன்புள்ள க.ம.,

முதலில் மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஸ்கேல் நேராகத்தான் நின்றிருக்கிறது.

நம் கடிகாரம் காட்டுவது மதுரையின் நேரம் அல்ல. உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கமாகப் போகிற 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரத்தை நாடு முழுக்கப் பொதுவாக வைத்துக்கொண்டிருக்கிறோம். மதுரை அதற்கு ஏறத்தாழ 4.4 பாகை மேற்கே. பாகைக்கு 4 நிமிடம். ஆக, அன்று உங்கள் மாடிக்கு உச்சி வந்தது 12.17 வாக்கில். நீங்கள் 12 மணிக்குப் பார்த்தபோது சூரியன் இன்னும் கிழக்கே இருந்தது. ஸ்கேலுக்கு மேற்கே இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நிழல் விழுந்திருக்கும். அவளைக் கேளுங்கள், அளந்து வைத்திருந்தாலும் வைத்திருப்பாள். இன்னொரு கால் மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? அதற்குள் ஒரு குழந்தையைத் திட்டி அழவைத்துக் கீழே கூட்டி வந்துவிட்டீர்கள்.

இந்த 12.17கூட நிலையானதல்ல. பூமி சூரியனை ஒரே வேகத்தில் சுற்றி வருவதில்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் பிப்ரவரி நடுவில் மதுரையின் உச்சி 12.30ஐத் தாண்டிவிடும்; நவம்பர் தொடக்கத்தில் 12.01க்கே வந்துவிடும். நானும் எழுதி எழுதிக் கை ஓய்ந்தேன். "பகல் 12 மணிக்குச் சூரியன் தலைக்கு மேல்" என்று எழுதினால் இன்னமும் மதிப்பெண் விழுகிறது. உச்சியைக் கடிகாரத்தில் தேடாதீர்கள், தரையில் தேடுங்கள். ஒரு குச்சியை நட்டு அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். நிழலின் நுனி காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை வட்டத்தைத் தொடும். அந்த இரண்டு நேரத்துக்கும் நட்டநடுவில் இருப்பது உச்சி. தொட்ட இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கிறவர்களும் இரண்டு கோல் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகல் பார்த்துத்தான் கயிறு பிடிக்கிறார்கள்.

ராகு காலத்தை விடுங்கள். துரும்புக்கு வருகிறேன்.

16 விரல் நீளத் துரும்பு. அதை 'ட' எழுத்துப் போல மடித்து ஒரு பகுதியைத் தரையில் கிடத்த வேண்டும். நிற்கிற பகுதியின் நிழல், கிடக்கிற பகுதியின் நுனியைத் தொடும்வரை மடிப்பை நகர்த்த வேண்டும். நிற்பது எத்தனை விரலோ, விடிந்து அத்தனை நாழிகை. என் தாத்தா உசிலம்பட்டிப் பக்கம் விவசாயி. அரையாண்டு விடுமுறைக்குப் போயிருந்தபோது களத்தில் செய்து காட்டினார். நின்றது ஒன்பதரை விரல். நாழிகைக்கு 24 நிமிடம். ஆறரைக்கு விடிந்தது என்று வைத்தால் பத்தரைகூட ஆகவில்லை. மாமாவின் எச்.எம்.டி. வாட்ச்சில் பன்னிரண்டேகால்! நான் கைகொட்டிச் சிரித்தேன். மாமா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"சிரிக்கட்டும்டா, விடு. மார்கழிச் சூரியன் தெக்கே சாஞ்சு போகும். துரும்புக்கு அது தெரியாது. சித்திரையில வாய்யா, காட்டுறேன்" என்றார் தாத்தா.

சித்திரையில் போனேன். உச்சியில் மடிக்கவே இடமில்லை, 16 விரலும் நின்றது. அரைப் பகலுக்குப் பதினைந்து நாழிகைதானே தாத்தா என்றேன். ஆமாம், அரை விரல் ஒரு விரல் கூடத்தான் காட்டும் என்றார், கூச்சமே இல்லாமல். நாலு பங்காளிகளுக்குப் பொதுக் கிணறு. தண்ணீர் முறை மாற்றுவதற்கு அந்தத் துல்லியம் போதுமாக இருந்தது அவருக்கு. நிமிடம் பிசகாமல் என்று பரப்புகிறவர்களில் ஒருவராவது வெயிலில் உட்கார்ந்து ஒரு துரும்பைக் கிள்ளிப் பார்த்திருப்பாரா? எனக்கு அவர்கள்மேல் கோபம்கூட இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். அதை அப்புறம் பார்க்கலாம். சூரியன் திரும்பி வருகையில் ஆகஸ்ட் 27 வாக்கில் மதுரைக்கு மறுபடியும் நிழலில்லா நாள். உச்சி 12.19 சுமாருக்கு. 12 மணிக்கே மாடிக்குப் போய்விடுங்கள், குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு. ஸ்கேலை அவள் பிடிக்கட்டும். நீங்கள் குடை பிடியுங்கள். நிழல் ஸ்கேல்மேல் விழாமல்.