காண்ட்ராக்டர் ஆட்களை உள்ளே விடும் முன்: கேள்வி பதில்

குடிநீர் நிலையம், கழிவுநீர் உந்து நிலையம் இரண்டிலும் இருபது வருடத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முருகன்: கேட்டில் ரிஜிஸ்டர் இருக்கிறது, எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். போதாதா சார்?

வரும்போது போடுகிறார்கள், சரி. போகும்போது? ஒருநாள் சாயங்காலம் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். ஐந்து பேர் வந்திருக்கிறார்கள், வெளியே போன நேரம் ஒருவருக்கும் இல்லை. நான்கு பேர் டீக்கடையில் இருந்தார்கள். ஐந்தாவது ஒரு சின்னப் பையன், வால்வு குழிக்குள் தனியாக உட்கார்ந்து துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், பம்ப் ஆபரேட்டருக்கு அவன் அங்கே இருப்பதே தெரியாது. மறுநாளே கேட் ரூம் சுவரில் ஆணி அடித்து, நம்பர் போட்ட பித்தளை டோக்கன் மாட்டினோம். உள்ளே போகிறவர் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், திரும்பும்போது மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் ஆளைக் கண்ணால் பார்க்காமல் ஷிப்ட் மாற்றக் கூடாது.

கவிதா: கழிவுநீர்க் கிணற்றில் இறங்க மாஸ்க் போதுமா?

போதாது. துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது. சாக்கடையில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) வாக்கில் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று ஆள் நம்புவது அப்போதுதான். கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இறங்கவே கூடாது. ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்க இன்னொருவர் குதிக்கக் கூடாது, தயவுசெய்து.

செல்வம்: காண்ட்ராக்டர் ஆள்தானே, பொறுப்பும் அவருடையதுதானே?

இல்லை. பாதுகாப்பில்லாமல் சாக்கடையில் இறக்குவதை, மனிதக் கழிவைக் கையால் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் தடை செய்கிறது, நேரடியாக அமர்த்தினாலும் வேறொருவர் மூலமாக அமர்த்தினாலும். சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது.

சுதா: இரண்டு மாஸ்க் போட்டால்?

மேலே கவிதாவுக்கு எழுதியதைப் படியுங்கள். விழுந்தவர் பின்னால் குதிக்கக் கூடாது என்பதையும் சேர்த்து.

பஷீர்: பத்து வருடமாக வரும் ஃபிட்டர், சொந்தக்காரர் மாதிரி. அவருக்கும் பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு) கேட்டால் மனசு நோகாதா?

நோகட்டும். அவர் கை குழிக்குள் இருக்கும்போது யாரோ பிரேக்கரைத் தூக்கி மின்சாரம் கொடுத்துவிட்டால்? பெர்மிட், மின் பேனலில் பூட்டு, "ஆள் வேலை செய்கிறார்" அட்டை, மூன்றும் அவர் உயிருக்காகத்தான். பழகிய ஆள் விலகிப் போன பிறகும் ஒரு கதை உண்டு. 2000ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் மருச்சி ஷயர். கழிவுநீர் நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய நிறுவனத்தில் இருந்து விலகியவர், ரேடியோ வழியாகப் பம்புகளைக் குழப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காவிலும் ஓடைகளிலும் பாய்ந்தது.

பஷீர்: அது வெளிநாடு, கம்ப்யூட்டர் சார். எங்கள் மேல்நிலைத் தொட்டிக்கு இருப்பது ஒரே ஒரு பூட்டு.

அந்த ஒரு பூட்டுக்கு எத்தனை சாவி இருக்கிறது, பஷீர்? போன வருடம் பெயின்ட் அடிக்க வந்தவரிடம் கொடுத்தது திரும்பி வந்ததா? ஊரே குடிக்கிற தண்ணீர் அது. இன்றைக்கே பூட்டை மாற்றுங்கள், சாவி யார் யாரிடம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். கடைசி பில் பாஸ் பண்ணும் முன் கொடுத்த சாவியைக் கேட்டு வாங்குங்கள்.